நம்புசெல்வியின் பொன்னூசி

கொக்குத்தீவுக் காவல்காரர் அழகுமலைக்கு எங்கோ ஒரு தேயிலை மலைக்கு மாற்றலாகிவிட்டது என்ற செய்தி சிப்பிக்கரைக்கு வந்த மறுநாள் காலையில், நம்புசெல்வி வீட்டுக் கஞ்சி உறைந்துபோனது. கைவிட்டுப் பருக்கையைப் பிசைந்தவள் பானையைச் சாய்த்துப் பார்த்தாள், வரவில்லை. கவிழ்த்துத் தட்டினாள், பானையின் வடிவத்திலேயே முழுசாகத் தட்டில் இறங்கி உட்கார்ந்து காற்றுக்கு லேசாக ஆடியது. இளநீருக்குள் விரலை விட்டு வழுக்கையைத் தோண்டினால் நீரும் வழுக்கையும் ஒன்றாகி உருண்டையாக வெளியே வந்தது. இதற்கெல்லாம் அசந்துபோக அவளுக்கு அன்று நேரமில்லை, மனசும் இல்லை. கஞ்சியைக் கத்தியால் துண்டு போட்டுத் தின்றுவிட்டு, விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டு கரைக்கு வந்தாள், அதுவும் பிந்தி வந்தாள், படகில் காத்திருந்த எங்களிடம் ஏச்சு வாங்கினாள்.

நாங்கள் பாசி எடுக்கும் பெண்கள். கடலுக்கடியில் பாறையில் முளைத்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் மூச்சடக்கி முங்கிக் கையால் பிய்த்து இடுப்புப் பையில் சேர்ப்பது எங்கள் வேலை. பாறை விரலைக் கிழிக்கும் என்பதால் பத்து விரலுக்கும் பழைய சேலைத்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வோம். பாசி மறுபடி வளர அவகாசம் வேண்டும் என்று சங்கத்தில் நாங்களே கூடி ஒரு சட்டமும் போட்டுக்கொண்டோம்: மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்கலாம், பதின்மூன்றாம் நாள் எவள் இறங்கினாலும் அவள் பையைக் கடலிலேயே கவிழ்த்துவிடுவோம். இறங்கிய நாள் ஒவ்வொன்றுக்கும் படகுத்துறைக் கம்பத்தில் தொங்கும் நைலான் கயிற்றில் ஒரு முடிச்சு விழும். அந்த முடிச்சைப் போடும் பொறுப்பு மாரிக்கண்ணு ஆகிய என்னுடையது. சங்கத் தலைவி பஞ்சவர்ணக்காவே அந்தக் கயிற்றைத் தொட மாட்டார்.

அழகுமலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரையிலிருந்து ஒன்றரை மைலில் இருக்கும் கொக்குத்தீவில் யாரும் கால் வைக்கக் கூடாது, பறவைக்கும் பவளப்பாறைக்கும் விட்ட இடம் அது. தீவைச் சுற்றி மஞ்சள் மிதவைகள் கோத்த கயிறு ஒன்று கிடக்கும், அதை நாங்கள் நெருங்கினால் அழகுமலை விசில் ஊதுவார். நத்தம் பக்கத்து மனிதர், நாற்பது வயது, கல்யாணமாகாதவர், நீச்சல் தெரியாதவர், ஏழு வருஷம் ஈரக்காற்றில் நின்றதில் முழங்கால் இரண்டும் தேய்ந்து, நடந்தால் சடக் சடக்கென்று சத்தம் கேட்கும். எங்களுக்கு அவர் ஊதுவது இரண்டு குட்டி விசில், போ, போ என்று. நம்புசெல்வி தலை தண்ணீருக்கு மேலே தெரிந்தால் மட்டும் ஒரே ஒரு நீள விசில், அதைக் கேட்டு எந்தப் பைத்தியமும் போ என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள மாட்டாள். இரண்டாம் வருஷமே நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். மூன்றாம் வருஷம் மிதவையில் ஒரு முறுக்குப் பொட்டலம் கட்டியிருந்தது, மறுநாள் அதே இடத்தில் பதிலுக்கு வறுத்த கடலைப் பொட்டலம் கட்டியிருந்தது, அதற்கப்புறம் முறுக்கும் கடலையுமாக நாலு வருஷம் ஓடியது. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்து, ஒரு ஆட்டையும் ஒரு கோழியையும் துணைக்கு வைத்துக்கொண்டு முப்பத்து நாலு வயதில் நிற்கிற நம்புசெல்வி, அந்த மனிதரிடம் ஏழு வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள் கிண்டல் செய்தால் தண்ணீருக்குள் முங்கிவிடுவாள், எங்களை விட அவளுக்கு மூச்சு அதிகம்.

அன்றைக்கு அவள் இடது கைச் சுண்டுவிரல் துணி தளர்ந்திருந்தது. தீவுப் பக்கத்துப் பாறைக்குப் படகு வந்து நின்றதும் முதலில் குதித்தவள் அவள்தான், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தீவைப் பார்த்தாள், விசில் வரவில்லை, மூட்டை கட்டிக்கொண்டிருந்தாரோ என்னவோ. அவள் கையைத் தண்ணீரில் தொங்கவிட்டாள், துணி நழுவியது, அவ்வளவுதான் தெரியும். எங்கள் காலடியில் ஏதோ கெட்டிப்பட்டு, குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குகிற மாதிரி எங்களை மெதுவாக மேலே தூக்கிக் கடல் மேல் நிறுத்தியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. அலைகள் எழுந்த இடத்தில் எழுந்தபடி, மடிந்த இடத்தில் மடிந்தபடி, கரையிலிருந்து கொக்குத்தீவு வரைக்கும் பச்சைக் கண்ணாடி போல, ஆனால் கண்ணாடியாக இல்லாமல் தளதளவென்று, முழங்கால் கனத்துக்குக் கடல் உறைந்திருந்தது. அடியில் தண்ணீர் எப்போதும் போல ஓடியது, மீன்கள் எப்போதும் போலப் போய்வந்தன, ஒரு ஆமை மட்டும் மேலே பார்த்தது.

பஞ்சவர்ணக்கா காலால் அழுத்திப் பார்த்தார். ரமலான் மாசத்தில் ரஹ்மத் பீவி காய்ச்சி வில்லை போடுகிற கடல்பாசி இனிப்பு மாதிரியே இருக்கிறது என்றார். நடந்து பார்த்தோம், ஒரு அடி வைத்தால் அடுத்த அடியைக் கடல் தானே எடுத்துக்கொடுத்தது. அடியில் ஓதம் ஏறி இறங்கியதால் கடல் மூச்சு விட்டது, அதோடு நாங்களும் ஏறி இறங்கினோம், வயிற்றில் ஏதோ புரண்டு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை என்பதுதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம். ஒன்றரை மைல் நடந்து கரைக்கு வந்துசேர்ந்தபோது, புருஷனிடம் அடி வாங்கி இரண்டு நாளாக முகத்தைத் தூக்கிவைத்திருந்தவள் கூடச் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள ஒரு பகல் ஆனது, அவ்வளவுதான். மதியத்துக்குள் பிள்ளைகள் கடல் மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள், சாயங்காலத்துக்குள் இளவட்டங்கள் கோடு கிழித்துக் கபடி ஆடினார்கள், பிடித்தவனும் பிடிபட்டவனும் பந்தாக எழும்பியதில் யார் அவுட் என்று கடைசி வரை தெரியவில்லை. படகுகள் நின்ற இடத்தில் நின்றுவிட்டதால் ஆண்கள் முதலில் தலையில் கைவைத்தார்கள், பிறகு என் வீட்டுக்காரர் அரிவாளால் கடலைச் சதுரமாக வெட்டித் தூக்கி ஒரு கிணறு செய்து, அதன் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணால் பார்த்து வேண்டிய மீனுக்கு மட்டும் தூண்டில் விட ஆரம்பித்தார். வெட்டி எடுத்த துண்டை ரஹ்மத் பீவி வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று தண்ணீரில் அலசி, பாலும் நன்னாரியும் விட்டுக் காய்ச்சி வில்லை போட்டுப் பார்த்தார். நாக்கு நுனியில் கொஞ்சம் உப்பு நிற்கிறது, மற்றபடி சும்மா சொல்லக் கூடாது என்று தெருவுக்கே கொடுத்தார். நாங்கள் கடலைத் தின்றோம்.

விடிந்தால் கடல் இளக ஆரம்பித்துவிடும், நம்புசெல்வி வந்து சுண்டுவிரலை நனைத்தால் மறுபடி ஒரு பகலும் ஓர் இரவும் உறைந்து கிடக்கும். ஆக ஒவ்வொரு நாளும் அது அவள் முடிவு. அவளுக்கு அது எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். கடல் உறைந்திருக்கும்வரை அழகுமலையை ஏற்றிப்போகப் படகு வர முடியாது. அவருக்குப் பதிலாக வந்த புதுக் காவல்காரர் இரண்டு பெட்டியோடு படகுத்துறையில் காத்திருந்தார். நடந்தே போகலாமே என்று சொல்லிப் பார்த்தோம், கடல் மேல் ஆறு அடி வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், எனக்குப் படகே வரட்டும் என்று சொல்லி ரஹ்மத் பீவி கடை பெஞ்சில் சாய்ந்துகொண்டார். அவர் வந்து பொறுப்பை வாங்காமல் அழகுமலை தீவை விட்டு இறங்கக் கூடாது. நம்புசெல்வி தீவில் கால் வைக்கக் கூடாது. கடல் மட்டும்தான் இரண்டு பேருக்கும் பொது.

சங்கத்தில்தான் சிக்கல். இந்த நாளுக்கு முடிச்சுப் போடுவதா வேண்டாமா என்று நான் கேட்டேன். கடலில் இறங்கினால்தானே நாள், நாம் ஏறியல்லவா நிற்கிறோம் என்றார்கள் பாதிப்பேர். ஏறினாலும் கடல் கடல்தான் என்றார்கள் மீதிப்பேர். பாறையிலிருந்து ஒரு இணுக்குப் பாசி கூடப் பிய்க்கவில்லையே என்றாள் ஒருத்தி. பிய்க்காவிட்டாலும் முழுக் கடலையும் பாசியாக்கிவிட்டு அதன் மேல் ஆடுகிறோமே என்றாள் இன்னொருத்தி. கூட்டத்தைக் கடல் மேல் வைத்திருந்ததால் கோபமாகப் பேச எழுந்தவர்கள் எல்லாம் மேலும் கீழும் போய்வந்து சிரித்துச் சிரித்து உட்கார்ந்தார்கள், மூன்று நாளாகியும் முடிவு வரவில்லை. பஞ்சவர்ணக்கா முடிவு சொல்கிற வரைக்கும் கயிற்றைத் தொடாதே என்றார், நானும் தொடவில்லை.

நாலாம் நாள் ஆண்கள் கூட்டம் கூட்டினார்கள். விவரமானவர்கள், கடல் மேல் வேண்டாம், மணலில்தான் வைக்க வேண்டும் என்றுவிட்டார்கள். கிணற்று மீன் சலித்துவிட்டது, ஆழத்துக்குப் போக வேண்டும், வலை காய்ந்து வெடிக்கிறது, அந்தப் பொண்ணு கையைக் கட்டிப்போடுங்கள், இல்லாவிட்டால் உள்நாட்டில் ஏதாவது சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று என் வீட்டுக்காரர்தான் முன்னால் நின்று பேசினார். அன்று இரவு அவருக்குச் சோறு எப்படிக் கிடைத்தது என்பது வேறு கதை. பஞ்சவர்ணக்கா எழுந்து, மாசத்தில் பன்னிரண்டு நாள் கடல் எங்களுடையது, அதை என்றைக்காவது நீங்கள் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டார். சொல்லவில்லை. அப்படியானால் எங்கள் பன்னிரண்டு நாள் முடிகிறவரை நம்பு விரலை நனைப்பாள், பன்னிரண்டாம் நாள் பொழுது சாயும்போது கரையேறுவாள், அதற்கப்புறம் நனைக்க மாட்டாள் என்றார். எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்று ஆண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கயிற்றை எடுத்துக் காட்டினேன், வழவழவென்று ஒரு முடிச்சு இல்லாமல் தொங்கியது. கயிறு பொய் சொல்லாது என்று அவர்களே சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். மூன்று நாளை நான் விழுங்கினேன் என்பது அங்கே இரண்டு பேருக்குத் தெரியும், ஒன்று நான், இன்னொன்று பஞ்சவர்ணக்கா, நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மதுரையிலிருந்து சம்யுக்தா என்ற டாக்டரம்மா ஒரு நீலப்பெட்டியோடு வந்தது அதற்கு மறுநாள். சின்ன வயசு, அலட்டல் இல்லாதவர், நம்புசெல்வியின் வியர்வையைப் பஞ்சில் ஒற்றி எடுத்துக்கொண்டு, ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்க விளக்கம் சொன்னார். உடம்புக்குள் சர்க்கரை என்றால் டீயில் போடுகிற சர்க்கரை மட்டுமில்லை, பூச்சரம் மாதிரி நீளநீளமாகக் கோத்த சர்க்கரைச் சரங்கள் எல்லா இடத்திலும் இருக்கின்றன, தோலுக்கடியில், கண்ணுக்குள், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில். அந்தச் சரத்தில் அங்கங்கே ஒரு குட்டிக் குஞ்சலத்தைத் தைத்துவிட ஒரு நொதி உண்டு. குஞ்சலம் சரியாக விழுந்தால்தான் சரம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மெத்தென்று நிற்கும். அந்த நொதியைச் செய்வது எப்படி என்று எழுதிவைத்த வாசகம்தான் ஜீன். எல்லாருக்கும் அது உள்ளேயே வேலை பார்க்கிறது, நம்புசெல்விக்கு மட்டும் வாசல் தாண்டி விரல்நுனிக்கு வந்துவிட்டது, பாசியிலும் கஞ்சியிலும் இருப்பது தூரத்துச் சொந்தமான சரங்கள்தான், அதனால் அதையும் தைக்கிறது என்றார்.

அந்த ஜீனுக்குப் பெயர் என்ன என்று பஞ்சவர்ணக்கா கேட்டார். டாக்டரம்மா நாலு ஆங்கில எழுத்தையும் இரண்டு எண்ணையும் சொன்னார். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை.

"உசுரோட உள்ள இருந்து வேலை பாக்குற புள்ளைக்குப் பஸ் நம்பரா பேரு? பொன்னூசின்னு வைங்கம்மா," என்றார் பஞ்சவர்ணக்கா.

டாக்டரம்மா சிரித்துவிட்டுத் தன் நோட்டில் பொன்னூசி என்று எழுதியே வைத்தார். அன்றிலிருந்து ஊரில் எதற்கெடுத்தாலும் பொன்னூசிதான். பிள்ளை சீக்கிரம் நடந்தால் பொன்னூசி சூட்டிகை, தோல் சுருங்கினால் பொன்னூசிக்குக் கை சோர்ந்துவிட்டது, மருமகள் எழுந்து வர நேரமானால் அவள் பொன்னூசிக்கு இன்னும் விடியவில்லை. வெள்ளிக்கிழமை சிலர் தங்கள் பொன்னூசிக்கென்று ஒரு கவளம் சோற்றை அதிகமாகத் தாங்களே சாப்பிட்டார்கள். ஏழு வயசிலிருந்து எழுபது வரைக்கும் எல்லாருக்குள்ளும் ஒரு தையல்காரி உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பே எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது.

நம்புசெல்வி மட்டும் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டாள். என் கை ஒரு மனுஷர் மேல் பட்டால் என்ன ஆகும்? டாக்டரம்மா, தெரியாது என்றார், பொய் சொல்லாத பொண்ணு. மனுஷ உடம்பு முழுக்க அந்தச் சரம்தான், மதுரைக்குப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதுவரைக்கும் யாரையும் வெறுங்கையால் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊர் பொறுக்குமா, நம்புசெல்வியின் கோழியையே பிடித்து அவள் சுண்டுவிரலில் உரசிப் பார்த்தார்கள். கோழி சுவர் மேல் ஏறி ஒற்றைக் காலில் அரைநாள் அசையாமல் நின்றது. உறைந்துதான் போனதா, இல்லை கோபித்துக்கொண்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் இறங்கி வந்து முட்டையிட்டது. ஆனால் அந்த அரைநாளை நம்புசெல்வி சுவருக்கு எதிரே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்திருந்தாள். அன்றிலிருந்து இரட்டைத் துணி சுற்றினாள். ஆட்டைக் கூடத் தடவவில்லை.

இருந்தும் தினம் காலையில் விரலை நனைத்துவிட்டு மிதவைக் கயிறு வரைக்கும் நடந்துபோவாள், அந்தப் பக்கம் அழகுமலை வருவார், நடுவில் பத்தடி விட்டு இரண்டு பேரும் நிற்பார்கள். அவர்கள் பேசுவது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், உறைந்த கடல் சத்தத்தை அப்படியே கடத்தும் என்பதை என் வீட்டுக்காரர் கிணற்று ஓரத்தில் தூங்கும்போது கண்டுபிடித்தார். கடலில் காதை வைத்தால் ஒன்றரை மைலுக்கு அப்பால் அழகுமலையின் முழங்கால் சடக் சடக்கென்று தலையணைக்குப் பக்கத்தில் கேட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா, காலை பத்து மணிக்குச் சிப்பிக்கரை மொத்தமும் வேலையைப் போட்டுவிட்டுக் கடலில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கிடந்தது. புதுக் காவல்காரர் கூட பெஞ்சிலிருந்து இறங்கி வந்து கரையோரமாகப் படுத்துக்கொண்டார்.

நாங்கள் காதை வைத்த முதல் மூன்று நாளும் சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், நீங்கள், நானும்தான், என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. ஏழு வருஷம் காத்திருந்து கேட்கிற கேள்வியா இது என்று பஞ்சவர்ணக்கா கடலில் முகத்தை முட்டிக்கொண்டார். நாலாம் நாள் நீச்சல் தெரியாத மனிதர் ஏன் தீவுக்கு வந்தீர்கள் என்று அவள் கேட்க, வந்த முதல் வாரமே திரும்பிப் போக எழுதிக் கொடுத்ததாகவும், பிறகு ஒரு தலை தண்ணீருக்கு மேலே வந்ததாகவும், அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டதாகவும் அவர் சொன்னார். கரையில் இருநூறு பேர் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டதில் கடல் ஒரு குலுக்குக் குலுங்கியது, அங்கே அவர்கள் இரண்டு பேரும் தள்ளாடி நின்றார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கும் தெரிந்துவிட்டது, ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. ஒன்று மட்டும் மாறவில்லை. அவர் ஒரு அடி முன்னால் வைத்தால் அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள், சடக் என்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் அவள் பாதம் பின்வாங்குகிற சத்தமும் கேட்டது.

கயிற்றில் பன்னிரண்டாவது முடிச்சை நான் போட்ட நாளும் வந்தது. முடிச்சு இறுகவே மாட்டேன் என்றது, அல்லது என் கைதான் இறுக்கவில்லை. பொழுது சாயத் தொடங்கியது, ஆண்கள் விடிந்ததும் கிளம்பப் படகில் வலையை ஏற்றிவைத்துவிட்டு வந்து எங்களோடு காதை வைத்தார்கள், புதுக் காவல்காரர் பெட்டிகளைப் பூட்டி வைத்துவிட்டு வந்து படுத்தார். நம்புசெல்வி கரையேற வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது, அவள் ஏறவில்லை, மிதவைக் கயிற்றருகேதான் நின்றாள்.

"நாளைக்குத் தண்ணி வந்துரும்ல," என்றார் அழகுமலை.

"வந்துரும்."

"படகும் வந்துரும்."

சடக், சடக், இரண்டு அடி கேட்டது. பின்வாங்கும் பாதமும் கேட்டது.

"கிட்ட வராதீங்க. என் கை பட்டா நீங்க ஒறைஞ்சு போயிருவீங்க."

அப்புறம் அந்த மனிதர் சொன்னதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"ஒறைஞ்சா ஒறையிறேன். இங்கனக்குள்ளயே இருந்துறலாம்ல."

என் பக்கத்தில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார், கல்யாணமான இந்த இருபது வருஷத்தில் ஊர் பார்க்க அவர் செய்த ஒரே காரியம் அது. அங்கே துணி அவிழ்கிற சத்தம் கேட்டது, ஒன்று, இரண்டு என்று நான் எண்ணினேன், இரட்டைத் துணி அல்லவா, இருபது வரைக்கும் எண்ணினேன். சடக் என்று ஒரு அடி, சடக் என்று இன்னொரு அடி. இந்தத் தடவை பின்வாங்கும் பாதம் கேட்கவில்லை. அதற்கப்புறம் எதுவுமே கேட்கவில்லை. நூறு வரைக்கும் எண்ணிவிட்டேன், முழங்கால் சத்தம் வரவில்லை.

"போச்சு. தம்பி ஒறைஞ்சுட்டாரு," என்றார் ரஹ்மத் பீவி.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, பிறகு எல்லாருக்கும் கால் ஓடியது. சிப்பிக்கரை முழுக்கக் கடல் மேல் ஓடினோம், பத்து வருஷமாகக் கம்பு ஊன்றி நடக்கிற பஞ்சவர்ணக்கா கம்பைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார், ரஹ்மத் பீவி ஓதிக்கொண்டே ஓடினார், புதுக் காவல்காரர் கண்ணை மூடியபடியே ஓடினார். அத்தனை பேர் ஓடியதில் கடல் அண்டாவில் ஆட்டிய பாகு மாதிரி அலைபாய்ந்தது, விழுந்தோம், விழுந்த வேகத்தில் கடலே தூக்கி நிறுத்தியது, மறுபடி ஓடினோம். இழவு வீட்டுக்கு ஓடுகிறோம் என்று தெரிந்தும் வயிற்றில் அந்தச் சிரிப்பு புரண்டது, அழுதுகொண்டே சிரித்தோம், வெட்கமாக இருந்தது.

மிதவைக் கயிற்றுக்கு மேலே, தீவும் இல்லாத கரையும் இல்லாத அந்த இடத்தில், அவள் இரண்டு கையும் அவர் இரண்டு கைக்குள் இருக்க, இரண்டு பேரும் நட்ட கம்பம் மாதிரி நின்றார்கள். அவர் அசையவில்லை. கண் இமைக்கவில்லை. அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள், அவளுக்குத்தான் எங்கள் எல்லாரையும் விட மூச்சு அதிகம் ஆயிற்றே. பஞ்சவர்ணக்கா போய் அவர் கன்னத்தில் ஒரு விரலால் குத்திப் பார்த்தார். கன்னம் மெத்தென்று உள்ளே போய் வெளியே வந்தது.

அழகுமலை மெதுவாகக் குனிந்து தன் வலது முழங்காலைப் பார்த்தார். மடக்கினார். நீட்டினார். சத்தமில்லை. இடது காலை மடக்கினார், நீட்டினார், அதிலும் சத்தமில்லை. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு வருஷத்து ஈரக்காற்று தேய்த்துத் தின்ற இடத்தில் பொன்னூசி உட்கார்ந்து குஞ்சலம் குஞ்சலமாகத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதற்குத்தான் அவர் அசையாமல் நின்றிருக்கிறார். அவர் நம்புசெல்வியின் கையை விடாமலேயே ஒரு குதி குதித்தார். கடல் அவரை வாங்கி இரண்டாள் உயரத்துக்கு எறிந்தது, அவளும் கூடவே எழும்பினாள், இருநூறு பேரும் பொத்பொத்தென்று விழுந்தோம், விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்தி வெளிச்சத்தில் அவர்கள் இரண்டு பேரும் கொக்குகளுக்குச் சமமாக மேலே இருந்தார்கள். நம்புசெல்வி சத்தம் போட்டு அழுதாள். முப்பத்து நாலு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான், அதுவும் ஆகாயத்தில்.

இனி எதற்குத் தள்ளிப்போடுவது என்று பஞ்சவர்ணக்கா அவள் அவிழ்த்துப் போட்ட விரல் துணிகளில் ஒன்றை எடுத்தார், ரஹ்மத் பீவி இடுப்புப் பையிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்துக் கொடுத்தார், அதைத் துணியில் முடிந்து அழகுமலை அங்கேயே அவள் கழுத்தில் கட்டினார். மூன்றாவது முடிச்சைப் போடும் உரிமை எனக்குத்தான் என்று நான் சண்டை பிடித்துப் போட்டேன், ஊருக்கு முடிச்சுக்காரி நான்தானே. அதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசை நின்றுவிட்டது. இருட்டுவதற்குள் நம்புசெல்வி நாற்பத்தேழு பேரின் கையைப் பிடித்தாள், எங்கள் ஊர்க் கிழவர்கள் குதித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள். பஞ்சவர்ணக்கா கம்பைக் கடலிலேயே நட்டுவிட்டு வந்தார்.

விடிந்ததும் கடல் தண்ணீராகிவிட்டது, படகுகள் நிமிர்ந்தன, ஆண்கள் ஆழத்துக்குப் போனார்கள். புதுக் காவல்காரர் படகில் ஏறித் தீவுக்குப் போனார். அழகுமலை அவரிடம் விசிலையும் சாவியையும் கொடுத்தார், மலைக்கு வரவில்லை என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார், இந்தக் காகிதத்தை அவர் கிழிக்கவில்லை. பஞ்சவர்ணக்கா கயிற்றை எடுத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணினார், பன்னிரண்டு, சரியாக இருக்கிறது என்று ஊர் கேட்கச் சொன்னார், பிறகு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அடுத்த மாதம் எங்கள் நாளில் மூன்றைக் கேட்காமலே குறைத்துக்கொண்டோம், பாசிக்குச் சேர வேண்டியது பாசிக்கு.

டாக்டரம்மாவின் கடிதம் ஐந்து மாதம் கழித்து வந்தது, தொட்டால் ஆபத்து இருக்காது என்று நினைக்கிறேன் என்று எழுதியிருந்தார், எல்லாருமாகப் படித்துச் சிரித்தோம். பாசி எடுக்கும் நாளில் நம்புசெல்வி கெட்டியாகத் துணி சுற்றிக்கொள்கிறாள், சோறு வடிக்கும்போதும்தான், மறந்தால் கஞ்சியைக் கத்தியால் வெட்ட வேண்டியிருக்கும். வீட்டுக்குள் வந்தால் முதலில் துணியை அவிழ்க்கிறாள், ஆட்டைத் தடவுகிறாள், ஆடு இப்போது ஒரே குதியில் ஏறிக் கூரை மேல்தான் நிற்கிறது.

அழகுமலைதான் எங்களுக்குப் படகு வலிக்கிறார். இன்னமும் நீச்சல் தெரியாது. மிதவைக் கயிற்றை நெருங்கினால் புதியவர் தீவிலிருந்து இரண்டு குட்டி விசில் ஊதுவார், போ, போ என்று, நாங்கள் எல்லாரும் படகைத் திருப்பச் சொல்வோம். அவர் திருப்ப மாட்டார், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்திருப்பார், நம்புசெல்வியின் தலை மேலே வருகிறவரைக்கும். வந்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரே ஒரு நீள விசில் அடிப்பார்.